நாலு ஊர், நாலு பீர், ஒரு மிருதங்கம்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உன் வெளிநாட்டுக் கச்சேரி அனுபவத்தைப் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசுப்பா" என்றார். "பேசுறேன். ஆனா அதுல பீர் வருமே" என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம், "முன் வரிசையில நம்ம பழைய வார்டன் உக்காந்திருப்பார். பாத்துப் பேசு" என்றார். வார்டன் சார், அந்தக் காலத்தில் எங்கள் அறையைச் சோதனை போட்டபோது உங்கள் கையில் சிக்காத பாட்டில்களுக்கும் சேர்த்து இன்றைக்கு ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன்.

2018 ஜூன் கடைசியில் ஜெர்மனியில் பத்து நாள் சுற்றினேன். பெரிய சபா, பெரிய மேடை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக் கூடம், இசைப்பள்ளி வகுப்பறை, இந்த மாதிரி இடங்களில் முப்பது நாற்பது பேருக்கு முன்னால் மிருதங்கம் வாசித்து, தாளம் என்றால் என்ன, சொல்லுக்கட்டு என்றால் என்ன என்று விளக்க வேண்டும். அவர்கள் தரும் சன்மானம் காருக்குப் பெட்ரோல் போடச் சரியாக இருக்கும். ஹோட்டலில் தங்கினால் கைக்காசு போய்விடும். அதனால் கொலோன், லைப்சிக், பாம்பெர்க், மியூனிக் என்று நாலு ஊரிலும் நண்பர்கள் வீட்டில்தான் படுக்கை. இந்தக் கல்லூரி எனக்குக் கொடுத்த பட்டத்தை நான் எங்கேயும் காட்டியதில்லை. இந்தக் கல்லூரி கொடுத்த நண்பர்களை வைத்துத்தான் இன்றுவரை பிழைக்கிறேன்.

கார் ஓட்டியவன் நம்ம 1988 செட். ஹாஸ்டலில் என் அறைத்தோழன். கொலோனில் எஞ்சினியராக இருக்கிறான். பத்து நாள் லீவு போட்டுவிட்டு, "மாப்ளே, நீ வாசி, நான் ஓட்டுறேன்" என்று வந்தான். அவனுக்கு ஒரு கொள்கை. வண்டி ஓட்டுகிற நாளில் ஒரு சொட்டு கிடையாது. அந்த நாட்டுச் சட்டம் ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 பங்குவரை விடுகிறது. இவன் அதையும் எடுத்துக்கொள்ள மாட்டான். எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. "போற ஊர்ல எல்லாம் அந்த ஊர் பீரை ருசி பாத்துடணும்" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டேன்.

முதல் ஊர் கொலோன். காரை வீட்டில் விட்டுவிட்டு டிராமில் போனோம். அந்த ஊர் பீருக்குக் கோல்ஷ் என்று பெயர். 1986-ல் அங்கே உள்ள பீர் ஆலைகள் எல்லாம் சேர்ந்து, கோல்ஷ் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பந்தமே போட்டிருக்கின்றன. வெளிர் மஞ்சள் நிறம், உடம்புக்கு இதம். வருவது 200 மில்லி பிடிக்கிற ஒல்லியான கண்ணாடி டம்ளரில். நம்ம ஊர் டீ கிளாஸைக் கொஞ்சம் இழுத்து நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. பரிமாறுகிறவர் நீல ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வட்டத் தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வருவார். நாம் கேட்க வேண்டியதே இல்லை. டம்ளர் காலியானால் அடுத்தது வந்து உட்காரும். டம்ளருக்கு அடியில் போடுகிற அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். கடைசியில் கோட்டை எண்ணிக் கணக்கு.

"அப்போ எப்படிடா நிறுத்துறது?" என்று கேட்டேன். என் நண்பன் இரண்டாவது டம்ளரை முடித்துவிட்டு, அந்த அட்டையை எடுத்து டம்ளர் வாயில் மூடினான். அவ்வளவுதான். பரிமாறுகிறவர் பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். ஏன் என்றும் கேட்கவில்லை, இன்னும் ஒன்று என்றும் சொல்லவில்லை. என் அட்டையில் ஏழு கோடு, அவன் அட்டையில் இரண்டு. இது நல்ல வேடிக்கையாக இருக்கிறதே என்று நான் சிரித்தேன். இந்த அட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

கொலோனிலிருந்து 40 கிலோமீட்டரில் டுஸ்ஸல்டார்ஃப். அங்கே ஊர் பீர் ஆல்ட், செம்பு நிறம். கொலோனில் உட்கார்ந்து ஆல்ட் கேட்டால் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள். அங்கே போய் கோல்ஷ் கேட்டாலும் அதே கதிதான். இத்தனைக்கும் இரண்டும் செய்முறையில் பங்காளிகள். மேலே மிதக்கிற ஈஸ்டை வைத்துப் புளிக்கவைத்து, பிறகு குளிரில் பதப்படுத்துகிறார்கள். வித்தியாசம் பெரும்பாலும் பார்லியை எவ்வளவு வறுக்கிறார்கள் என்பதில். எனக்கு ஆச்சரியமே இல்லை. மிருதங்கத்தில் தஞ்சாவூர் பாணி, புதுக்கோட்டைப் பாணி என்று எத்தனை சண்டை பார்த்திருப்போம்! இரண்டு ஊருக்கும் நடுவில் அறுபது கிலோமீட்டர் இருக்குமா? பாடம் ஒன்று, கை வேறு.

அடுத்து லைப்சிக். வழியில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனோம். ஈழத்திலிருந்து போனவர்கள் கட்டி, 2002-ல் குடமுழுக்கு நடந்த கோயில். தொழிற்பேட்டைக்கு நடுவில் ராஜகோபுரத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

லைப்சிக்கில் நமக்கு நாலு வருஷம் ஜூனியரான ஒரு தங்கை வீடு. ஆராய்ச்சி வேலையில் இருக்கிறார். அங்கே இரண்டு சோதனை. காரின் பின்பக்கம் வெயிலில் கிடந்ததில் மிருதங்கத்தின் தோல் விறைத்து, சுருதி ஏறிப்போயிருந்தது. அதைவிட மோசம், தொப்பிக்குப் போடுகிற ரவையைக் கொலோனிலேயே மறந்து வைத்துவிட்டேன். அந்தத் தங்கை உப்புமாவுக்கு வைத்திருந்த ரவையை அப்படியே எடுத்து நீட்டினார். "அண்ணா, நாளைக்குக் காலையில பிரெட்தான்" என்றார். ரவையைப் பிசைந்து ஒட்டி, கல்லும் கையுமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் தட்டித் தட்டிச் சேர்த்தேன்.

இரண்டாவது சோதனை, அன்றைக்கு ஜூன் 27. உலகக் கோப்பை கால்பந்தில் தென் கொரியாவிடம் ஜெர்மனி 0-2 என்று தோற்று, முதல் சுற்றோடு வெளியேறிய நாள். ஆட்டம் முடிந்த கையோடு என் கச்சேரி. வந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. சாவு வீட்டில் வாசிக்கிற மாதிரிதான் ஆரம்பித்தேன். ஆதி தாளத்தை எல்லோரையும் கையில் போட வைத்த பிறகுதான் முகம் தெளிந்தது.

அந்த ஊர் பீர் கோஸெ. அதில் உப்பு போடுகிறார்கள், கொத்தமல்லி விதை போடுகிறார்கள், புளிப்பாகவும் இருக்கிறது. ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா இது, நீர்மோரும் ரசமும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றேன். 1516-ல் பவேரியாவில் போட்ட பிரபலமான சட்டப்படி பீரில் பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர் தவிர எதுவும் சேரக்கூடாது. கோஸெவுக்கு ஊர் வழக்கம் என்று விலக்கு. 1960-களில் காய்ச்சுவாரே இல்லாமல் அற்றுப்போன இதை, 1986-ல் லைப்சிக்கில் ஒருவர் தேடிப் பிடித்து மறுபடி கொண்டுவந்தார். ஒரு தலைமுறை விட்டிருந்தால் போயிருக்கும். மறுநாள் தோமா தேவாலயத்துக்குப் போய், 1723 முதல் 1750-ல் சாகும்வரை அங்கே இசைப்பணி செய்த பாக்கின் கல்லறை முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்தில் நின்றவன் எதுவும் பேசவில்லை. இசை தெரியாதவன் என்று அவனை நான் கேலி செய்வேன். எப்போது பேசக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

மூன்றாவது பாம்பெர்க். 1993-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஊர். ஒரு லட்சம் பேர்கூட இல்லை, ஆனால் உலகப் பெயர் பெற்ற சிம்பொனி இசைக்குழு இருக்கிறது. யுத்தத்துக்குப் பின் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து விரட்டப்பட்ட ஜெர்மன் இசைக்கலைஞர்கள் 1946-ல் கூடி அமைத்தது. வீடு வாசல் போனவர்கள் முதல் வேலையாக ஓர் இசைக்குழு கட்டியிருக்கிறார்கள். ஹாம் கோபுரம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அங்கே எங்களுக்கு இடம் கொடுத்தவர் ஒரு ஜெர்மன்காரர், பள்ளிக்கூட இசை ஆசிரியர். சென்னைக்கு வந்து என்னிடம் ஆறு மாதம் பாடம் கேட்டவர். அவர் ஷ்லெங்கர்லா என்ற பழைய கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புகை பீர் வாங்கிக் கொடுத்தார். முளைகட்டிய பார்லியைப் பீச் மர விறகுப் புகையில் காய வைக்கிறார்கள். ஒரு காலத்தில் விறகுத் தீதான் கதி என்பதால் பல ஊர் பீரிலும் இந்தப் புகை இருந்தது. சூடான காற்றில் காய வைக்கத் தெரிந்ததும் எல்லோரும் புகையை விட்டுவிட்டார்கள். இந்த ஊரில் இரண்டு ஆலைகள் விடவில்லை. மூக்குக்குக் கிட்டே கொண்டு போனதும் எனக்குப் பாட்டி வீட்டு விறகடுப்பு! முதல் டம்ளர் பிடிக்காது, மூன்றாவதுதான் பிடிக்கும் என்றார் அவர். எனக்கு மூன்றாவதிலும் பாட்டியின் ஞாபகம்தான் வந்தது. பீர் பிடித்ததா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

கடைசி ஊர் மியூனிக். காரை நிறுத்தியாயிற்று, மறுநாள் எனக்கு விமானம். நாங்கள் தங்கிய வீட்டு அம்மாள் பெரிய டப்பா நிறையப் புளியோதரை கட்டிக் கொடுத்தார். பீர்த் தோட்டத்துக்கா புளியோதரை என்று கேட்காதீர்கள், அதுதான் அங்கே வழக்கம். முன்காலத்தில் கோடையில் பீர் காய்ச்சத் தடை இருந்தது. அதனால் குளிர்காலத்தில் காய்ச்சியதை நிலவறையில் வைத்து, மேலே நிழலுக்குச் செஸ்ட்நட் மரம் வைத்தார்கள். அந்த நிழலிலேயே ஆலைக்காரர்கள் பீர் விற்க, ஊர்க் கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். 1812-ல் ராஜா பஞ்சாயத்து பண்ணி, "நீ பீர் வித்துக்கோ, சாப்பாடு விக்காதே" என்றார். அன்றிலிருந்து ஜனங்கள் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோகிறார்கள். பக்கத்து மேஜையில் குழந்தை குட்டியோடு பாட்டி தாத்தா. எல்லோரும் ஒரே வெளிச்சத்தில், நிதானமாக. ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயில் போகவில்லை.

என் நண்பன் அரை லிட்டர் குடித்தான். பிறகு அட்டையை எடுத்து டம்ளர் மேல் வைத்தான். "இங்கதான் யாரும் கேக்காம ஊத்த மாட்டாங்களேடா, எதுக்கு மூடுறே?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"உனக்கு ஞாபகம் இருக்கா? ஃபேர்வெல் அன்னிக்கு ராத்திரி ரூம்ல, அவன் டம்ளர் மேல கையை வச்சு மூடினான். போதும்டான்னான். நீ அவன் கையைத் தட்டிவிட்டே. நான் ஊத்தினேன்."

யாரைச் சொன்னான் என்று நம்ம செட்டுக்குத் தெரியும். பெயர் வேண்டாம், அவன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். புல்லாங்குழல் வாசித்தவன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அவன் வாசிக்க நான் பக்கவாத்தியம் உட்கார்ந்து பரிசு வாங்கி வந்தது இதே மேடையில் அறிவிக்கப்பட்டது. பிறகு மெல்லிசைக் குழுக்களில் வாசித்தான். 2009-ல் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். கடைசி இரண்டு வருஷம் குழலை எடுத்தால் விரல் நடுங்கும்.

அந்த ஒரு டம்ளர்தான் அவனைக் கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் டாக்டர் நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் அன்றைக்கு அவன் கை சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்துதான் தட்டிவிட்டேன். "என்னடா, பயந்தாங்கொள்ளி" என்றும் சொன்னேன். அதுவும் இப்போது ஞாபகம் வருகிறது. முப்பது வருஷமாக என் அறைத்தோழன் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். நான் மறந்தே போயிருந்தேன்.

அப்புறம் நாங்கள் ரொம்ப நேரம் பேசவில்லை. புளியோதரையைச் சாப்பிட்டோம். என் டம்ளரில் பாதி இருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தோம்.

எனக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் அடிக்கடி சொல்வார், "வாசிக்கறது யாருக்கும் வந்துடும்டா, கையை எடுக்கத் தெரியணும்" என்று. பாடகர் நிரவலில் உருகிக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்கத் தெரியாதவன் பக்கவாத்தியக்காரன் இல்லை. மேடையில் அதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. மேடைக்கு வெளியே கற்றுக்கொள்ள ஒரு பீர்த் தோட்டம்வரை போக வேண்டியிருந்தது.

தம்பி தங்கைகளே, குடி, குடிக்காதே என்று உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. நான் இன்னும் எப்போதாவது குடிக்கிறவன்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் கூட்டத்தில் ஒருவன் டம்ளர் மேல் கையை வைத்தால், அந்தக் கையைத் தட்டிவிடாதீர்கள். குடிக்கு மட்டும் சொல்லவில்லை. கடனோ, சவாலோ, ராத்திரி வண்டியில் வேகமோ, எதுவானாலும் ஒருத்தன் போதும் என்று சொன்னால் போதும். தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்தக் கொலோன் பரிமாறுகிறவருக்குத் தெரிந்தது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இன்று மாலை இசை நிகழ்ச்சியில் நான் வாசிக்கிறேன். புல்லாங்குழல் இல்லை. அந்த இடத்தை நாற்காலி போட்டுக் காலியாக விட்டிருக்கிறோம். யாரும் அதை நகர்த்த வேண்டாம்.