உயிரணுவின் மூச்சும் வைரஸின் சூழ்ச்சியும்

சமவெளியில் பிறந்து வளர்ந்த நம்மவர் சிலர் உத்தியோகத்தின் பொருட்டு லடாக்கிலுள்ள லே நகரம் வரை சென்று வாழ்கின்றனர். ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் முதல் நாள் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்கே அங்குக் கிடைக்கிறது. ஆயினும் சில வாரங்களில் உடல் பழகிவிடுகிறது. சிறுநீரகம் எரித்ரோபொயெட்டின் என்னும் சுரப்பை மிகுதியாக வெளியிட, இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. பிராணவாயு குறைந்ததை உயிரணு எவ்வாறு அறிகின்றது? இவ்வினாவுக்கு விடை கண்ட கெய்லின், ராட்கிளிஃப், செமன்சா என்னும் மூவருக்கு 2019-ஆம் ஆண்டில் மருத்துவ நோபல் பரிசு அளிக்கப்பட்டது. சில வைரஸ்கள் புற்றுநோயை வளர்க்கும் வழியை அறியவும் அவ்விடையே திறவுகோல்.

நம் உயிரணுக்களில் ஹிஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு புரதம் இடையறாது உண்டாகிறது. அதனை ஓர் அபாய ஓலை எனலாம். பிராணவாயு போதிய அளவில் இருக்கும்போது, ஒரு நொதி அதன்மேல் அடையாளம் இடுகிறது. அதற்குப் பிராணவாயுவும் இரும்புச் சத்தும் வேண்டும். அடையாளம் பட்ட ஓலையை வி.எச்.எல். என்னும் மற்றொரு புரதம் பற்றி அழிவுக்கு அனுப்புகிறது. எழுதுவதும் உடனே கிழிப்பதுமாகிய இவ்வேலை வீண் செலவு என்று தோன்றும். ஆனால் மூச்சுத் திணறும் வேளையில் புதிதாக ஓலை எழுதிக்கொண்டிருக்க நேரம் ஏது? பிராணவாயு குறைந்ததும் அடையாளம் இடுவது நிற்கிறது. ஓலை கிழிபடாமல் உட்கருவுக்குள் சென்று பல ஜீன்களை எழுப்பிவிடுகிறது. புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. உயிரணு பிராணவாயு இன்றியே சர்க்கரையைச் சிதைத்துச் சக்தி பெறத் தொடங்குகிறது.

வளரும் புற்றுக்கட்டி வேண்டுவதும் இவைதாமே! வைரஸுக்கும் இவை உகந்தவை. அது தானே உண்பதில்லை. தான் புகுந்த உயிரணுவின் பண்டங்களைக் கொண்டே பெருக வேண்டும். ஆகவே பிராணவாயு நிறைந்திருக்கும்போதே, இல்லை என்று உயிரணுவை நம்பவைக்கிறது.

1872-ஆம் ஆண்டில் வியன்னாவில் மருத்துவர் கபோசி, தோலில் ஊதா நிறத் திட்டுகளாகத் தோன்றும் ஒரு புற்றை விவரித்தார். முதியோருக்கு அது பெரும்பாலும் கால்களிலும் பாதங்களிலும் தோன்றும். அதற்குரிய ஹெர்பஸ் இன வைரஸை 1994-இல் யுவான் சாங், பாட்ரிக் மூர் இருவரும் கண்டனர். அந்த வைரஸின் லானா என்னும் புரதம், ஓலையைக் கிழிக்கும் வி.எச்.எல். புரதத்தையே அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. கிழிப்பவன் போனபின் ஓலை தங்கிவிடுகிறது. திட்டுகளில் இரத்தக் குழாய்கள் மண்டுகின்றன. உண்மையாகவே பிராணவாயு குறைந்தாலோ, உறங்கிக் கிடக்கும் அதே வைரஸ் விழித்துப் பெருகத் தொடங்குகிறது.

1964-இல் எப்ஸ்டைன், அச்சோங், பார் என்போர் அறிவித்த வைரஸ் வேறிடத்தில் கைவைக்கிறது. அதன் புரதமொன்று, அடையாளம் இடும் நொதியை ஒழிக்கிறது. இவ்வைரஸுடன் தொடர்புடைய, மூக்கின் பின்புறத் தொண்டையில் தோன்றும் புற்று நாகாலாந்தில் மிகுதி. மஞ்சட்காமாலைக்குக் காரணமான ஹெப்படைடிஸ் பி வைரஸும், கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான பாப்பிலோமா வைரஸும் ஹிஃப் புரதம் அழியாதபடி காத்துக்கொள்கின்றன.

அப்படியானால் ஹிஃபையே மருந்தால் அடக்கிவிடலாமே எனலாம். அதன் உடன்பிறப்பான இரண்டாம் ஹிஃபை அடக்கும் மருந்தொன்று 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது வி.எச்.எல். ஜீன் பரம்பரையாகப் பழுதுற்றவர்களின் கட்டிகளுக்காக. அதனை உட்கொள்வோர் பலருக்கு இரத்தசோகை உண்டாகிறது. லே நகரில் சிவப்பணுவைப் பெருக்கிய வழியை அடைத்தால் வேறென்ன நேரும்? பிராணவாயு குறைந்த கட்டி கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் எளிதில் பணிவதில்லை.

ஆதலின் வைரஸ் புகுமுன் தடுப்பதே இன்று கைவசமுள்ள உறுதியான வழி. கபோசி புற்றின் வைரஸுக்கும் எப்ஸ்டைன்-பார் வைரஸுக்கும் தடுப்பூசி இல்லை. மற்ற இரண்டுக்கும் உண்டு. ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பாப்பிலோமா தடுப்பூசியைச் சிறுமியருக்கு 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறப்பு. நம் நாட்டிலேயே ஆக்கப்பட்ட ஊசி 2023-இல் வெளிவந்தது. குழந்தைத் தடுப்பூசித் திட்டம் நாடு முழுமைக்கும் உரியது. மாற்றலாகிச் செல்லும் பெற்றோர் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுசென்றால், எஞ்சிய தவணைகளைப் புதிய ஊரின் அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம்.