கல்லூரி வாசலும் நம் பிள்ளைகளும்

(யூபிலி ஆண்டில் பங்குப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் பேச எழுந்தால் ஆலயம் எழும்பிய வரலாற்றைச் சொல்வதே வழக்கம். அதைச் சொல்ல நம்மிடையே மூத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் நம் வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு கேள்வி உண்டு: பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?

பிளஸ் டூ முடிவுகள் வெளியான மறுநாளே பங்குக் குருவின் இல்லத்து வராந்தாவில் பெற்றோர் வந்து உட்காருகிறார்கள். "சாமி, ஒரு லெட்டர் குடுங்க. பொண்ணை நம்ம சிஸ்டருங்க காலேஜுலயே சேர்த்துட்டா நிம்மதிங்க" என்கிறார்கள். எந்தப் பாடம் என்று கேட்டால், "அதை அங்க போய்ப் பார்த்துக்கலாங்க" என்று பதில் வருகிறது. மூன்று ஆண்டு படிக்கப் போகிற பாடம் இன்னதென்று முடிவாகவில்லை. நுழையப் போகிற வாசல் மட்டும் முடிவாகிவிட்டது!

கல்லூரிகளுக்கு நம் ஊர் ஒவ்வொரு முத்திரை குத்தி வைத்திருக்கிறது. அரசுக் கல்லூரி என்றால் ஸ்டிரைக்கும் ரகளையும். மில்லுக்காரர் கல்லூரி என்றால் கார்க்காரப் பிள்ளைகள். கன்னியர் கல்லூரி என்றால் கட்டுப்பாடு. சேசு சபைக் குருக்களின் கல்லூரி என்றால் வாயைத் திறந்தால் இங்கிலீசு. டீக்கடையிலும் தறிக்குடோனிலும் இப்படித் தீர்ப்புச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கல்லூரிகளுக்குள் ஒரு நாளும் நுழைந்தவர்கள் அல்லர்.

நம் பிள்ளைகளும் இந்த முத்திரைக்குத் தப்புவதில்லை. கிறிஸ்தவப் பெண் என்றால் நர்ஸ் படிப்பு அல்லது டீச்சர் படிப்பு என்று பிறர் எண்ணுகிறார்கள். நாமும் அப்படியே எண்ணுகிறோம். செவிலியர் பணியும் ஆசிரியப் பணியும் உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய பெண்ணைப் புள்ளியியலுக்கு அனுப்பலாமே என்று ஏன் ஒருவருக்கும் தோன்றுவதில்லை? கிறிஸ்தவப் பையன் என்றால் கிட்டார் வாசிப்பான், ஆங்கிலம் தண்ணீராய்ப் பேசுவான் என்றொரு நினைப்பும் உண்டு. நம் தறிக்காரர் வீட்டுப் பையன் தமிழ் வழியில் படித்தவன். அவன் பட்டணத்துக் கத்தோலிக்கக் கல்லூரிக்குப் போனால் அங்கே வகுப்புத் தோழர் சிலர் அவனுடைய ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஒரே விசுவாசம், ஒரே திருப்பலி, ஆனாலும் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்காருகிறான். வாசலில் சிலுவை இருக்கிறது என்பதால் உள்ளே எல்லாம் நம் வீடு போலவே இருக்கும் என்று நினைத்து அனுப்பிய பெற்றோருக்கு இது தெரிவதே இல்லை.

கோவையைப் பாருங்கள். 1852-இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி, 1947-இல் பி.எஸ்.ஜி. கலைக் கல்லூரி, 1948-இல் கன்னியரின் நிர்மலா மகளிர் கல்லூரி, 1957-இல் அவினாசிலிங்கம் ஐயாவின் மனையியல் கல்லூரி. பி.எஸ்.ஜி. நிறுவனங்களுக்கு வித்திட்டது 1926-ஆம் ஆண்டில் பீளமேட்டுச் சகோதரர் நால்வர் செய்த ஒரு காரியம். குடும்பச் சொத்தைப் பிரித்தபோது தர்மத்துக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவைத்தார்கள். நான்கு பேருக்கு ஐந்து பங்கு. நம் மறையுரைகளில் எடுத்துச் சொல்லத்தக்க செய்தி அது. அவர்கள் நம் மதத்தார் அல்லர். அந்த ஐந்தாவது பங்கில் நம் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள்.

இனி அச்சத்தைப் பற்றிப் பேசுவோம். நம்மவர் சிலர், "வேற மதத்துக்காரங்க காலேஜுல போட்டா கோயிலை மறந்துருவாங்க" என்கிறார்கள். பக்கத்து வீட்டு இந்துச் சகோதரர், "கான்வென்ட் காலேஜுல போட்டா மதம் மாத்திருவாங்க" என்கிறார். இரண்டும் ஒரே அச்சம்தான். ஒன்றையொன்று பார்த்தால் அவை வெட்கப்பட வேண்டும்.

இந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. திருச்சியின் கதை அதற்குச் சாட்சி. சேசு சபையார் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு மாற்றிய தூய வளனார் கல்லூரியில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிராமண மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றனர். ஊரே கொந்தளித்தது. வீட்டை விட்டு வந்தவர்கள் குடியேறிய மேரிஸ் தோப்பின் பெயர் இன்றும் திருச்சியில் வழங்குகிறது. பிறகு அந்நகரில் 1919-இல் நேஷனல் கல்லூரி, 1951-இல் ஜமால் முகமது கல்லூரி, ஆங்கிலிக்கன் மரபில் பிஷப் ஹீபர் கல்லூரி என்று ஒவ்வொரு சமயத்தாருக்கும் ஒரு கல்லூரி அமைந்தது. சென்னையில் பச்சையப்பன் கல்லூரி 1947 வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. அவரவர் பிள்ளைக்கு அவரவர் வாசல் என்பது அக்காலத்து ஏற்பாடு.

ஆனால் அதே திருச்சிக்கு 1950-இல் இராமேசுவரத்திலிருந்து ஓர் இசுலாமியப் பையன் வந்தான். தகப்பனார் பள்ளிவாசலில் தொழுகை நடத்துபவர். பையன் அதற்குமுன் படித்தது இராமநாதபுரத்தில், புரொட்டஸ்டண்டு மிஷனரியான ஷ்வார்ட்ஸ் ஐயரின் பெயர் தாங்கிய பள்ளியில். ஜமால் முகமது கல்லூரி அப்போது இன்னும் தொடங்கவில்லை. மறு ஆண்டு தொடங்கியபோதும் அவன் அங்கே மாறிப் போகவில்லை. வளனார் கல்லூரி விடுதியில் அவனோடு ஓர் அறையில் இருந்தவர்கள் சீரங்கத்து ஐயங்கார் ஒருவர், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். கைச்செலவுக்குப் பணம் போதாமல் அவன் சைவச் சாப்பாட்டுக்கு மாறினான். மூன்றாம் ஆண்டில் சைவ மெஸ்ஸுக்கு அவனையே செயலாளராக்கினார்கள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெக்டர் அடிகளாரை அழைத்து, அவரவர் வீட்டுப் பலகாரங்களைச் செய்து விருந்து வைத்தார்கள். 1954-இல் அவன் இயற்பியல் பட்டத்தோடு, போனபோது இருந்த அதே இசுலாமியனாக வெளியே வந்தான். 2002-இல் நாட்டின் குடியரசுத் தலைவரான டாக்டர் அப்துல் கலாம்தான் அவர். விடுதி நாட்களைப் பற்றி அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அந்தத் தகப்பனார் "நம்ம ஆளுங்க காலேஜ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஓராண்டு காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதைக் கற்பனையாகக் கேட்கவில்லை. நம் பகுதியில் காத்திருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். கன்னியர் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தும், "ஆம்பளப் பசங்களும் படிக்கிற இடம், கோயிலும் இல்லை" என்று வேண்டாமென்று சொல்லிவிடுகிறார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வீட்டில் இருக்கும் பெண் தார் சுற்ற உட்காருகிறாள். அடுத்த வருடம் வரும்போது வரன் வந்துவிடுகிறது. இப்படி நின்றுபோன படிப்பை வயதான பின் எந்தப் பரிந்துரைக் கடிதமும் திருப்பித் தருவதில்லை. பையனுக்கு மட்டும் இந்தக் கேள்வியே எழுவதில்லை. அவனை எந்த வாசலுக்கும் அனுப்புகிறோம். அவனுடைய விசுவாசம் அவ்வளவு உறுதியானதா என்ன?

"திருச்சபையே அப்படித்தானே சொல்லியிருக்கிறது" என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1374-ஆம் எண், கத்தோலிக்கப் பிள்ளைகள் பிற சமயத்தார் பள்ளிகளுக்கும் எல்லாரும் கலந்து படிக்கும் பள்ளிகளுக்கும் போகலாகாது என்றது. எந்தச் சூழ்நிலையில் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை ஆயர் ஒருவரே தீர்மானிக்கலாம். நம் பாட்டன்மார் அந்தச் சட்டத்தின்கீழ் வளர்ந்தவர்கள். பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் கடமையை அதுவும் நினைவூட்டுகிறது. ஆனால் இயலும் இடத்தில், இயலும் காலத்தில் என்று சேர்த்துச் சொல்கிறது. பிற பள்ளிகளில் பயிலும் ஏராளமான பிள்ளைகளோடு திருச்சபை தனி அக்கறையுடன் உடனிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 798-ஆம் எண், அப்படி அனுப்ப இயலாத பெற்றோர் பள்ளிக்கு வெளியே தக்க கத்தோலிக்கக் கல்வி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. பள்ளிக்குச் சொன்னது கல்லூரிக்கும் பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம்.

ஆக, பொறுப்பு நம் பக்கம் திரும்புகிறது. உறுதிபூசுதல் முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பும் முடிந்துவிடுகிறது. பதினெட்டு வயதில் இயற்பியலும் பொருளாதாரமும் படிக்கிற பிள்ளை, விசுவாசத்தில் மட்டும் பதின்மூன்று வயதோடு நிற்கிறது. அதை எந்தக் கல்லூரி வாசல் சரிசெய்யும்? 1924-இல் தோன்றிய அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு போன்ற இயக்கங்கள் இதற்காகவே உள்ளன. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதன் பெயராவது தெரியும்?

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நம்ம காலேஜ்" என்பதால் இடம் உறுதி என்று எண்ண வேண்டாம். அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்த உரிமை தருகிறது. தம் சமூகத்தாருக்கு 50 விழுக்காட்டுக்கு மேல் இடம் ஒதுக்கலாகாது என்று 1991-இல் டில்லி செயிண்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2002-இல் டி.எம்.ஏ. பை வழக்கில் அந்த எண் தளர்ந்தாலும், அரசு உதவி பெறும் நிறுவனம் பிறரையும் நியாயமான அளவில் சேர்க்க வேண்டும் என்ற நெறி நின்றது. அது நல்லதே. நம்மை மட்டும் வைத்து நடத்தும் கல்லூரி நாளடைவில் ஒரு பெரிய மறைக்கல்வி வகுப்பாகிவிடும்.

வேலி போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அனுபவத்திலேயே கண்டோம். 2007-இல் தமிழக அரசு பிற்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் கிறிஸ்தவர்களுக்கென 3.5 விழுக்காடு தனியே தந்தது. நம்மில் பலர் மகிழ்ந்தோம். கணக்குப் பார்த்தால், பொதுவான பிற்பட்டோர் பட்டியலில் போட்டியிட்டு நம் பிள்ளைகள் பெற்றுவந்த இடங்களைவிட அது குறைவு! திருச்சபைத் தலைவர்களே வேண்டாமென்று கேட்டுக்கொள்ள, 2008-இல் அது நீக்கப்பட்டது.

மற்றொரு முத்திரை நமக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பேசக் கூட்டங்களில் தயங்குகிறோம். கத்தோலிக்க விடுதியாக இருந்தாலும் முதல் வாரத்திலேயே, "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களுக்கு மட்டுமாக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இதனால் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறு பெயருமாக வாழும் குடும்பங்கள் தமிழகமெங்கும் உண்டு. அவர்களைக் குறை சொல்லும் உரிமை நமக்கில்லை. சுமத்தப்பட்ட நிர்ப்பந்தம் அது. ஆனால் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக இந்து தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் கேட்ட புதுவைப் பெண் ஒருவரின் மனுவைத் தள்ளியது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். மதம் மாறிய ஆதிதிராவிடர்க்கு மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. அதை அறியாமலேயே கட்டணத்துக்கு அஞ்சிப் படிப்பை நிறுத்தியவர்கள் உண்டு.

எனவே இவ்வாண்டு ஓர் ஏற்பாடு. கடிதம் கேட்டு வருமுன், ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்துக்கு வாருங்கள். கல்லூரி ஆசிரியராக இருக்கும் நம் பங்கு மக்கள் சிலர் அங்கே இருப்பார்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இவற்றின் நகல்களைக் கொண்டு வரவும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டம் 2022-இலும், பையன்களுக்கானது 2024-இல் நம் கோவையிலும் தொடங்கப்பட்டன. அவற்றின் விவரமும் அங்கேயே கிடைக்கும். கன்னியர் கல்லூரியில் பிள்ளை விரும்பும் பாடம் இருந்து, கட்டணமும் பஸ்ஸும் ஒத்துவந்தால் கடிதம் உடனே தரப்படும். இல்லையேல் வேறு எங்கே அந்தப் பாடம் நன்றாக நடக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம். பெற்றோர் மட்டும் வராமல் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். எந்தப் பாடம் என்று அவர்களைத்தான் முதலில் கேட்கப் போகிறோம்.