ஊர் மாற நுளம்பின் உடலும் மாறுகிறது

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவிலே நுளம்பைப் பற்றியா பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் நாம் பூட்டிவிட்டுப் போன வீடுகளின் கிணறுகளிலும் சீமெந்துத் தாங்கிகளிலும் இப்போது குடியிருப்பது அதுதான்.

விலங்கியல் பாடத்தில் நாம் நுளம்பின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தோம். அந்த உடல் எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்தியின் பூர்வீகம் ஆபிரிக்கக் காடு. அங்கே மரப்பொந்து நீரில் வளரும் வகை கருமையானது. பெரும்பாலும் விலங்குகளையே கடிப்பது. மனிதர் சேமித்து வைத்த நீரை நம்பி ஊருக்குள் வந்த வகையோ வெளிறியது. வயிற்றின் மேற்புறத்தில் வெண்செதில்கள் கொண்டது. மனித இரத்தத்தையே நாடுவது. கப்பலேறி உலகெங்கும் பரவியது இந்த இரண்டாவது வகைதான்.

நகரம் நுளம்பின் பருமனையும் மாற்றுகிறது. வெப்பம் கூடிய, நெரிசலான சிறு பாத்திரத்தில் வளரும் குடம்பி சிறிய நுளம்பாகவே வெளிவரும். ஆய்வாளர் இதைச் சிறகின் நீளத்தைக் கொண்டு அளப்பர். சிறியது தானே என்று அலட்சியம் செய்யக்கூடாது. உடலில் சேமிப்புக் குறைந்த பெண் நுளம்பு முட்டையிடுவதற்குப் பல தடவை கடிக்க நேரிடும்.

இனி எமது மண்ணுக்கு வருவோம். டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டுமே பெருகும் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் நோபிள் சுரேந்திரனும், ரஞ்சன் இராமசாமியும், அவர்களோடு உழைத்தவர்களும் எமது கரையோரக் கிணறுகளிலும் கைவிடப்பட்ட பாத்திரங்களிலும் உவர்நீரில் அதன் குடம்பிகளைக் கண்டார்கள். இந்த உவர்நீர் நுளம்புகளின் புறத்தோல் அமைப்பே நன்னீரில் வளர்ந்தவற்றினின்றும் வேறுபட்டிருந்தது. தோல் மாறினால் அதனூடாகச் செல்லவேண்டிய பூச்சிகொல்லியின் வேலையும் மாறக்கூடும் என்பதுதான் கவலை. 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குச் சந்தேக நோயாளர்களாகப் பதிவானதை நாம் மறந்துவிடவில்லை.

மற்றது மலேரியா. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்றுபெற்றது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பு பிடிபட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. முன்னர் எமது நாட்டில் மலேரியாவைப் பரப்பிய நுளம்பு ஆற்றுப் படுகைக் குட்டைகளை விரும்பியது. இதுவோ நகரவாசி, கிணறும் நீர்த்தாங்கியும் அதற்குப் போதும். இதன் முட்டையிலேயே ஒரு வேடிக்கை உண்டு. படகு போன்ற முட்டையின் இருபுறமும் மிதவைகள், அம்மிதவைகளில் வரம்புகள். இந்தியாவில் எண்ணிப் பார்த்தபோது நகர வகையில் வரம்புகள் கூடுதலாகவும், மைசூரின் பெயர்பெற்ற நாட்டுப்புற வகையில் குறைவாகவும் இருந்தன.

வெளிநாட்டில் வாழும் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டைப் பார்த்துவரும் உறவினரிடம் கதவையும் மதிலையும் மட்டும் விசாரிக்காதீர்கள், கிணற்றையும் விசாரியுங்கள். "உப்புத் தண்ணிதானே, நுளம்பு வராது" என்று சொன்னால் ஏற்கவேண்டாம். கிணற்றுக்கு நுண்ணிய வலை போடச் சொல்லுங்கள். தாங்கி நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது; ஈடிஸ் முட்டைகள் சுவரில் ஒட்டி, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகையால் உட்புறத்தை உரஞ்சிக் கழுவவேண்டும்.

குடம்பிகள் தென்பட்டால் உற்றுப் பார்க்கட்டும். தலைகீழாகத் தொங்கினால் அது ஈடிஸ் ஆகவோ கியூலெக்ஸ் ஆகவோ இருக்கலாம். நீர்மட்டத்தோடு கிடையாகப் படுத்திருந்தால் அனோபிலிஸ். உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கட்டும்.