உதவி கேட்பதிலும் ஒரு முறை உண்டு

(கண்டாவளைப் பிரதேசத்தில் வாழும் மலையகக் குடும்பங்களின் பெற்றோர் கூட்டத்தில் நமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. தோட்டத்து வாசகர்களுக்கும் பொருந்தும் என்பதால் இங்கே தருகிறோம்.)



1977ஆம், 1983ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உங்களில் பலர். நாங்கள் இன்னமும் மலையில் இருக்கிறோம், நீங்கள் இரணைமடுத் தண்ணீர் பாயும் பூமியில் இருக்கிறீர்கள். ஆனால் பிள்ளைகளின் படிப்பு என்று வந்தால் உங்கள் கவலையும் எங்கள் கவலையும் ஒன்றுதான். அதனால் இன்றைக்கு ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

இப்போது ஆசிரியர்மார் கைத்தொலைபேசி மூலம் உதவி கேட்கிறார்கள். "எங்கள் வகுப்புக்கு இருபது கதிரை வேண்டும்", "ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொப்பி வேண்டும்" என்று முகநூலில் போடுகிறார்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் யாரோ ஒருவர் பார்த்துக் காசு அனுப்புகிறார். "அரசாங்கம் செய்ய வேண்டியதற்கு நாம ஏன் கையேந்தணும்?" என்று சில தகப்பன்மார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

நம் நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் இலவசப் பாடப்புத்தகமும் 1993 முதல் இலவசச் சீருடைத் துணியும் கிடைத்தன. ஆனால் தோட்டப் பாடசாலைகள் நீண்ட காலம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1980களில் சுவீடன் நாட்டு உதவி தோட்டப் பாடசாலைகளுக்குக் கிடைத்தது. 2022இல் டொலர் நெருக்கடி வந்தபோது கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு சீருடைத் துணியில் பெரும்பகுதி சீனாவின் நன்கொடையாக வந்தது. நாடே உதவி வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. ஆகவே உதவி கேட்பது வெட்கமில்லை. எப்படிக் கேட்கிறோம், யார் கையில் வாங்குகிறோம் என்பதுதான் பார்க்க வேண்டியது.

இந்த முறைக்கு அமெரிக்காவில் நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் புரோங்ஸ் பகுதியில் சார்ள்ஸ் பெஸ்ட் என்ற ஆசிரியர் 'டோனர்ஸ் சூஸ்' என்ற இணையத்தளத்தைத் தொடங்கினார். ஆசிரியர் தன் வகுப்புக்கு என்ன வேண்டும் என்று எழுதுவார். விரும்பியவர் விரும்பிய வகுப்புக்குக் கொடுப்பார். ஆனால் காசு ஆசிரியரின் கைக்கு வராது. நிறுவனமே பொருளை வாங்கிப் பாடசாலைக்கு அனுப்பிவிடும். கொடுத்தவருக்குக் கணக்கு போகும், நன்றிக் கடிதமும் போகும். பணக்கார நாட்டிலேயே ஆசிரியர்மாருக்கு இந்த நிலைமை என்றால் நம்முடைய ஆசிரியர்மாரைக் குறை சொல்ல முடியுமா?

தமிழ்நாட்டில் இது புதிதே அல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1958இல், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். இருந்தவர் காணி கொடுத்தார், இல்லாதவர் வாங்கும் கரும்பலகையும் கொடுத்தார். 2022 டிசம்பரில் அங்கே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற திட்டம் வந்தது. பழைய மாணவர்களும் கம்பனிகளும் இணையம் வழியாக அரசுப் பள்ளிகளுக்கு உதவலாம்.

இங்கே 2018 டிசம்பர் வெள்ளத்தை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. கண்டாவளையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது, கொப்பியும் புத்தகப் பையும் நனைந்துபோயின. அப்போது உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் உதவி வந்தது. பெரிய பாடசாலைக்கு வெளிநாட்டில் பழைய மாணவர் சங்கம் இருக்கும். உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் சிறிய ஆரம்பப் பாடசாலைக்கு யார் இருக்கிறார்கள்? மலையிலும் இதே கதைதான். ரோட்டோரப் பாடசாலைக்கு மூன்று தடவை புத்தகப் பை வரும், மேல் பிரிவுப் பாடசாலைக்கு ஒன்றும் போகாது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பாடசாலையில் நன்கொடையாக வந்த கணினிகள் பெட்டி பிரிக்காமலே அலுமாரியில் இருந்ததையும் பார்த்திருக்கிறோம். அங்கே பிள்ளைகளுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது மலசலகூடத்துக்குத் தண்ணீர்.

ஆகவே பெற்றோர்கள் செய்ய வேண்டியவை சில:

1. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். என்ன தேவை, எது முதலில் தேவை என்று அதிபர், ஆசிரியர், பெற்றோர் மூவரும் இருந்து பட்டியல் போடுங்கள். கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. காசு தனியாள் பெயரில் வரக்கூடாது. சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். வெளிநாட்டு நன்கொடைத் தளங்கள் சில நம் நாட்டுக் கணக்குக்கு நேரே அனுப்புவதில்லை. இடையில் ஒருவர் வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும். அவர் யார், எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு வந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முடிந்தால் பொருளாகவே கேளுங்கள்.

3. பற்றுச்சீட்டுகளை அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். இது நல்ல ஆசிரியரைச் சந்தேகிப்பதல்ல. வீண்பழியிலிருந்து அவரைக் காப்பாற்றுவது.

4. பிள்ளையின் படத்தைக் கேட்காமல் போட விடாதீர்கள். கிழிந்த சட்டையோடு, அழுத முகத்தோடு, பெயரும் ஊரும் சேர்த்துப் போட்ட படம் இணையத்தில் அழியாது. நாளைக்கு அந்தப் புள்ளை வேலைக்குப் போகும், கல்யாணம் கட்டும். அப்போதும் அந்தப் படம் இருக்கும். உடைந்த மேசையைப் படம் எடுக்கட்டும், ஒழுகும் கூரையை எடுக்கட்டும். பிள்ளையின் மானத்தை விற்றுக் கதிரை வாங்க வேண்டாம்.

5. நாமும் ஏதாவது கொடுக்க வேண்டும். காசு இல்லாதவர் ஒரு நாள் சிரமதானம் செய்யலாம். மேசனுக்கு மேசன் வேலை, தச்சருக்குத் தச்சு வேலை. "பெற்றோர் சுவர் கட்டிவிட்டார்கள், தகரம் மட்டும் வேண்டும்" என்று எழுதினால் கொடுப்பவருக்கும் மனம் வரும், நமக்கும் தலை நிமிரும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நன்கொடை வருகிறது என்பதற்காக அரசாங்கத்திடம் கேட்பதை விட்டுவிடாதீர்கள். ஆசிரியர் வெற்றிடம், கட்டடம், மின்சாரம் இவை யாரும் பார்சலில் அனுப்பக்கூடியவை அல்ல. வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், பதில் வராவிட்டால் திரும்பவும் எழுதுங்கள். கொப்பியை நன்கொடையாளர் தரலாம். கணக்குப் பாட ஆசிரியரை அரசாங்கம்தான் தர வேண்டும்.

தம் சம்பளத்திலிருந்தே சோக்கட்டியும் கொப்பியும் வாங்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்காக மற்றவர் முன்னால் வாய் திறந்து கேட்கிறார்கள். அந்த ஆசிரியரைத் தனியே விடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அம்மாவோ அப்பாவோ ஒருவராவது வாருங்கள். அன்றைய வேலை கெட்டுப்போகும் என்று தெரியும். ஆனால் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று சொல்ல நாம் போகாவிட்டால், தெரியாத யாரோ ஒருவர்தான் அதைத் தீர்மானிப்பார்.