நிமிடங்களில் மாறும் விண்ணொளி



ஏறத்தாழ 150 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உயிர்ப்புள்ள உடுத்தொகுதியொன்று உண்டு. பி.கே.எஸ். 2155-304 என்பது அதன் பெயர். பெயரில் அழகில்லை, பெரியோர் பொறுத்தருள்க. அதன் நடுவேயுள்ள கருந்துளையின் அருகிலிருந்து ஒரு தாரை நம்மை நோக்கிப் பாய்கின்றது.

2006 யூலை 28 இரவு, அதன் காமாக் கதிர்கள் வழமையிலும் ஏறக்குறைய 50 மடங்கு பெருகியதை நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் கண்டன. காமாக் கதிர் நிலத்தை எட்டுவதில்லை. அது வளிமண்டலத்தில் எழுப்பும் நீல மினுக்கத்தையே அவை நோக்குகின்றன.

பெருக்கத்திலும் வியப்பு அதன் வேகமே. சுமார் 200 செக்கனில் பிரகாசம் இரட்டித்தது! ஒரு பொருள் முழுவதும் ஒருங்கே மாறவேண்டுமாயின், மாற்றம் கரைக்குக் கரை பரவவேண்டும். ஒளியை விஞ்சி எதுவும் பரவாது. 200 செக்கனில் ஒளி செல்வது 6 கோடி கிலோமீற்றர். கருந்துளையோ சூரியனிலும் ஏறக்குறைய 100 கோடி மடங்கு நிறையுடையது என்பர். அவ்வாறாயின் அதன் ஆரையே 300 கோடி கிலோமீற்றர். துளையிலும் சிறிய இடமா இத்தனை ஒளியை உமிழ்ந்தது?

ஒளிவேகத்தை அண்மித்த தாரை, நமக்குக் காலத்தைச் சுருக்கிக் காட்டும் என்பது உண்மையே. ஆயினும் வழக்கமாகக் கொள்ளும் வேகம் இங்கே போதவில்லை. தாரை இன்னும் விரைந்ததா, அன்றி அதனுள்ளே சிறு திரள்கள் தனித்து ஒளிர்ந்தனவா என்பதில் அறிஞர் இன்றும் உடன்படவில்லை. பிந்தியதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.