பொழுது விடிந்ததைச் சொல்லுங்கள். பாங்கை அவர் சொல்லட்டும்





முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் 22 வயதில் ஒரு மகன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்று காலையில் அவருடைய சேர்ட்டுக்குப் பொத்தான் பூட்டிவிட்டது யார்? இக்கேள்வியைக் கேட்டு உங்களில் பலர் சிரிக்கக்கூடும். ஆனால் சில வீடுகளில் எவரும் சிரிக்கமாட்டார்கள். அங்கே பொத்தானைப் பூட்டியவர் உம்மா. தேநீரைக் கலக்கிக் கொடுத்தவர் ராத்தா. பெயரைக் கேட்டால் பதில் சொல்பவர் வாப்பா. அந்த மகனுக்கு அன்பு குறைவாகக் கிடைக்கவில்லை. தானாக ஒன்றைச் செய்து பார்க்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை.

வலுவிழப்போடு வாழும் இளைஞர்களும் யுவதிகளும் தம் காலில் நிற்பதற்குப் பயிற்சி அளிப்பதே எனது பணி. இப்பணியில் நான் கற்றவற்றையும், நான் செய்த ஒரு தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இது ஒருசில குடும்பங்களின் பிரச்சினை மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தம்மைத் தாமே பராமரித்தல், பிறரோடு தொடர்பாடல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிலாவது சிரமத்தோடு வாழ்ந்தனர். இது நூற்றுக்கு 8.7 வீதமாகும். உங்கள் தெருவிலும் உங்கள் ஜமாஅத்திலும் இவர்கள் இருக்கிறார்கள். வீட்டின் பின்னறையில் இருப்பதனால் நாம் காணாதிருக்கின்றோம்.

நேயர்களே! அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாம் அறிவோம். அவர்கள் பார்வையற்றவர்கள். அவர்களை முன்னிட்டே அல்குர்ஆனின் 80 ஆவது அத்தியாயமான ஸூரா அபஸவின் ஆரம்ப வசனங்கள் இறங்கின என்பதைச் சிறு வயதிலேயே கேட்டிருக்கின்றோம். நான் இன்று சொல்ல வருவது அவர்களது வாழ்வின் இன்னொரு பக்கத்தைப் பற்றியதாகும்.

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பொறுப்பு பிலால் (ரலி) அவர்களுக்கு இருந்தது போல் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்கும் இருந்தது. இரவு முடியுமுன் பிலால் (ரலி) பாங்கு சொல்வார்கள். வைகறை புலர்ந்த பின் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பாங்கு சொல்வார்கள். நோன்பு நோற்போர் அந்த இரண்டாவது குரலைக் கேட்டே உண்பதையும் பருகுவதையும் நிறுத்தினார்கள். ஒரு நகரமே நோன்பை ஆரம்பிக்கும் நேரத்தை அறிவிக்கும் பொறுப்பு, வைகறையைக் கண்ணால் காண இயலாத ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது!

அது எவ்வாறு சாத்தியமாயிற்று? விடை ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. பொழுது விடிந்துவிட்டது என்று மக்கள் அவர்களிடம் சொல்வார்கள். அதன் பின்னரே அவர்கள் பாங்கு சொல்வார்கள். இதைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். அவர்களால் இயலாதது ஒன்றே ஒன்று: வானத்தைப் பார்ப்பது. அந்த ஒன்றில் மாத்திரம் மக்கள் துணை நின்றார்கள். அதைக் காரணம் காட்டிப் பாங்கை எவரும் பறித்துக்கொள்ளவில்லை. பரிதாபப்பட்டு ஒரு மூலையில் அமர வைக்கவும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற சந்தர்ப்பங்களில், மக்களுக்குத் தொழுகை நடத்தும் பொறுப்பையும் பல தடவைகள் அவர்களிடமே விட்டுச் சென்றார்கள்.

ஒரு பயிற்றுநர் கற்கவேண்டிய பாடம் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. பொழுது விடிந்ததை நாம் சொல்லலாம். பாங்கை அவர்தான் சொல்லவேண்டும்.

தம் காலில் நிற்பது என்றால் எவருடைய உதவியும் இன்றி வாழ்வது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அமெரிக்காவைச் சேர்ந்த எட் ரொபர்ட்ஸ் என்பவர் இளம் பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். மூச்சு விடுவதற்கே இயந்திரத்தின் துணை அவருக்குத் தேவைப்பட்டது. அவர் 1962 இல் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கற்றார். 1972 இல் அந்நகரிலே வலுவிழந்தோர் தாமே நடத்தும் சுயவாழ்வு நிலையம் உருவாவதற்கு முன்னின்றார். உடுத்திவிடவும் ஊட்டிவிடவும் பிறர் தேவைப்பட்ட அவரை எவரும் அடிமை என்று சொல்லவில்லை. ஏனெனில், எதை உடுப்பது, எப்போது உண்பது, எங்கே செல்வது என்பதை அவரே தீர்மானித்தார்.

இனி, பயிற்சி எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சொல்கின்றேன். பெற்றோர்களே, இதை உங்கள் வீட்டிலேயே நீங்கள் செய்யலாம்.

ஒரு பிளேன்டீ தயாரிப்பதை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே வேலை. கற்பவருக்கோ அது பத்துப் பன்னிரண்டு வேலைகள். கேத்தலில் நீர் நிரப்புவது ஒன்று. கோப்பையை எடுப்பது இன்னொன்று. சீனியை அளப்பது வேறொன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதிக்கொள்ளவேண்டும். பின்னர் பலவேளைகளில் கடைசியிலிருந்து கற்பிக்கின்றோம். முதல் நாளில் எல்லாவற்றையும் பயிற்றுநரே செய்து, சீனியைக் கலக்குவதை மாத்திரம் கற்பவருக்கு விடுகின்றார். அது கைவந்ததும் கடைசி இரண்டு படிகள்; பின்னர் மூன்று. இவ்வாறு செய்வதனால், ஒவ்வொரு நாளும் வேலை அவருடைய கையிலேயே முடிவடைகின்றது. "நான் ஊற்றிய தேநீர்" என்று அவர் முதல் நாளிலேயே சொல்கின்றார்.

பணத்தைக் கையாள்வதும் அவ்வாறே. கூட்டல் கழித்தல் தெரியாதவர் கடைக்குப் போக முடியாது என்பது தவறான எண்ணம். நூறு ரூபாத் தாள் செம்மஞ்சள், ஐந்நூறு ஊதா, ஆயிரம் பச்சை என்று நிறத்தால் அடையாளம் காணக் கற்பிக்கலாம். கடைக்காரர் விலையைச் சொன்னதும், அதைவிடப் பெரிய தாள் ஒன்றைக் கொடுத்து மீதிக்காகக் காத்து நிற்கப் பழக்கலாம்.

பஸ் பயணத்துக்கு மாதக்கணக்காகும். முதலில் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து செல்கின்றோம். பின்னர் பின்னாசனத்தில். அதன் பின் அவரை ஏற்றிவிட்டு, இறங்கும் தரிப்பிடத்தில் காத்து நிற்கின்றோம். இறுதியில் தொலைபேசி அழைப்பு ஒன்றுக்காக மாத்திரம் காத்திருக்கின்றோம். நம் துணையைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்வதே பயிற்சியின் உயிர்நாடி. விலக்கத் தெரியாதவர் பயிற்றுநராக முடியாது.

இவ்வளவையும் தெரிந்திருந்தும் நான் தவறினேன். மூளை முடக்குவாதம் உடைய யுவதி ஒருவர் என்னிடம் கணினித் தட்டெழுத்துக் கற்றார். கை மெதுவாக இயங்கினாலும் பிழையின்றி வேலை செய்வார். பேச்சும் மெதுவாகவே வரும். அவரை அச்சகம் ஒன்றுக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைத்துச் சென்றேன். முகாமையாளர் ஒரு கேள்வி கேட்டார். யுவதி வாய் திறந்து சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. நானே பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கும் நானே. மூன்றாவது கேள்வியை முகாமையாளர் அவரைப் பார்த்துக் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்தே கேட்டார். வேலை கிடைக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்னர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "சேர், கேள்வி என்னிடம் அல்லவா வந்தது?"

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் அவருக்கு உதவி செய்ததாக எண்ணியிருந்தேன். உண்மையில், அவருடைய பாங்கை நான் சொல்லிவிட்டேன். அடுத்த நேர்முகப் பரீட்சைக்கு நான் வாசலோடு நின்றுகொண்டேன். மெதுவாகப் பேசுவேன், காத்திருந்து கேளுங்கள் என்று ஒரு தாளில் அவரே தட்டெழுதிக் கொண்டு சென்றார். உள்ளே சென்றவர் அரைமணி நேரம் கழித்தே வெளியில் வந்தார். அவ்விடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது.

பெற்றோர்களே! உங்கள் உள்ளத்தில் எழும் அச்சத்தை நான் அறிவேன். வெளியே அனுப்பினால் எவரேனும் ஏமாற்றமாட்டார்களா, தீங்கு செய்யமாட்டார்களா என்று கேட்கின்றீர்கள். அச்சம் நியாயமானது. குறிப்பாகப் பெண்பிள்ளைகளைப் பெற்றோரின் அச்சம் மிகவும் நியாயமானது. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். உடுத்துவதற்கும் குளிப்பதற்கும் யாருடைய கை வந்தாலும் பேசாமல் இருக்கவேண்டும் என்று பழக்கப்பட்ட பிள்ளை, தீய கை எது என்பதை எவ்வாறு அறியும்? தன் உடலைத் தானே சுத்தம் செய்யவும், கதவை மூடிக்கொள்ளவும், "வேண்டாம்" என்று உரத்துச் சொல்லவும், நடந்ததை நம்பிக்கையான ஒருவரிடம் வந்து சொல்லவும் கற்ற பிள்ளையே பாதுகாப்பான பிள்ளை. பூட்டிய கதவு மட்டும் பாதுகாப்பாகிவிடாது.

அடுத்த அச்சம் இன்னும் ஆழமானது. "எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்?" எத்தனையோ உம்மாமார் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். டவுன் சின்ட்ரோம் என்ற நிலையோடு பிறந்த இளைஞர் ஒருவரின் தாயாரும் கேட்டார். மகனை அடுப்படிக்குள் விட அவருக்கு மனமில்லை. பல மாதங்கள் பேசிய பின்னரே சம்மதித்தார். அடுத்த ஆண்டில் அவர் நோயுற்று வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் நோயாளரைப் பார்வையிடும் நேரத்தில் மகன் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு சுடுநீர்ப் போத்தல். அதில் அவரே ஊற்றிய தேநீர் இருந்தது. "சீனி கூடிப் போயிருந்தது சேர். ஒரு சொட்டும் மீதம் வைக்காமல் குடித்தேன்" என்று அந்தத் தாயார் பின்னர் என்னிடம் சொன்னார். அதன் பின்னர் அவர் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. அச்சம் முற்றாக நீங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சுமை பாதியாகக் குறைந்தது.

இவ்விளைஞர்களுக்குச் சட்டத்திலும் இடமுண்டு. அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்று வீதத்தைத் தகைமையுள்ள வலுவிழந்தோருக்கு வழங்கவேண்டும் என்று 1988 ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை வெளியிடப்பட்டது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் நிறைவேறியது. ஐக்கிய நாடுகள் சபை 2006 இல் ஏற்றுக்கொண்ட சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2016 இல் உறுதிப்படுத்தியது. சமூக சேவைகள் திணைக்களம் சீதுவை முதலான இடங்களில் இவர்களுக்கென்றே தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகின்றது. உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் சென்று விசாரியுங்கள். செல்லும்போது மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். தம்மைப் பற்றி அவர்களே பேசட்டும்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினரே! சக்கர நாற்காலி ஏறிவரக்கூடிய ஒரு சாய்தளம், அமர்ந்து வுழூச் செய்ய எட்டும் உயரத்தில் ஒரு குழாய் ஆகியவை பெரும் செலவுக்குரியவை அல்ல. இவர்களை ஸகாத் பெறுவோர் பட்டியலில் மாத்திரம் தேடாதீர்கள். கொடுக்கும் கையாக மாறும் தகுதி இவர்களுக்கும் இருக்கிறது. மேலே சொன்ன இளைஞர் இப்போது ஒரு பேக்கரியில் தட்டுகளைக் கழுவி அடுக்குகிறார். முதற் சம்பளம் பெற்ற அன்று, பள்ளிவாசல் உண்டியலில் ஸதக்கா போடுவதற்குத் தாளைத் தாமே தெரிவுசெய்தார்.

இளைஞர்களே! உங்களிடம் மூன்று விடயங்களை வேண்டுகின்றேன். இத்தகைய ஒருவரைச் சந்தித்தால் உடன் வந்தவரைப் பார்த்துப் பேசாதீர்கள். அவரைப் பார்த்தே பேசுங்கள். கேள்வி கேட்ட பின் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். கைகொடுப்பதற்கு முன் "உதவி வேண்டுமா?" என்று கேளுங்கள். உங்களில் பொறுமை உள்ளவர்கள் இப்பணிக்கே வாருங்கள். பயிற்றுநர்கள் போதாமல் இருக்கிறார்கள். புகழும் பெரும் ஊதியமும் இதில் இல்லை. ஆயினும், நீங்கள் தேவைப்படாமல் போகும் நாளே உங்கள் வெற்றியின் நாளாகும். அந்த மகிழ்ச்சி வேறு தொழிலில் கிடைப்பது அரிது.

பெற்றோர்களே! நாளைக் காலையில் மகனுடைய சேர்ட்டை எடுக்கும்போது, கடைசிப் பொத்தானை மாத்திரம் பூட்டாமல் விட்டு வையுங்கள். அவர் தடுமாறுவார். பஸ்ஸுக்கு நேரமாகும். உங்கள் கை தானாகவே முன்னே நீளும். அந்தக் கையைச் சற்றுப் பின்னே கட்டிக்கொள்ளுங்கள். பொழுது விடிந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் அவரவர் பொறுப்பை அவரவரே நிறைவேற்றும் ஆற்றலையும், நமக்குக் காத்திருக்கும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.