புரட்டாசி வெயிலும் வானிலை அறிக்கையும்

(விவசாயத் தொழிலாளர், பஞ்சாலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புரட்டாசி பிறந்தும் வெயில் தணியவில்லை. புழுதியில் விதைத்த நெல் முளைக்காமல் மண்ணுக்குள் கிடக்கிறது. மழை வருமா, வராதா? டீக்கடையிலும் மில் வாசலிலும் இதே பேச்சு. வானிலை அறிக்கையை அப்படியே நம்பி ஏமாறுகிறவர்கள் ஒரு பக்கம்; "அவன் சொன்னால் பெய்யாது" என்று கேலி பேசுகிறவர்கள் மறுபக்கம். இரண்டும் நமக்கு உதவாது. அறிக்கையைப் படித்துப் பொருள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வெயிலுக்குக் காரணம் என்ன? ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிப்பது தென்மேற்குக் காற்று. அதன் ஈரத்தில் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று வறண்டு, சூடேறி வருகிறது. அது ஓய்ந்து, வடகிழக்கிலிருந்து காற்று திரும்பி, வங்கக் கடலின் ஈரத்தை அள்ளி வந்தால்தான் நமக்குப் பருவமழை. சராசரியாக அது தொடங்கும் நாள் அக்டோபர் 20. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது.

ஆகவே புரட்டாசியில் பத்து நாள் காய்ந்தால் வருஷமே போயிற்று என்று அர்த்தமில்லை. மாலையில் இடித்து ஒரு மழை பெய்தால் பருவமழை வந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. அது பகல் வெப்பத்தில் எழும் மேகம். ஓர் ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூறாது.

அறிக்கையின் சொற்களுக்குக் கணக்கு உண்டு. "ஓரிரு இடங்களில் மழை" என்றால், மழைமானி வைத்த இடங்களில் கால் பங்குக்கு மேல் பெய்யாது என்று பொருள். "சில இடங்களில்" என்றால் கால் முதல் அரை வரை. "பல இடங்களில்" என்றால் அரை முதல் முக்கால் வரை. அதற்கும் மேலே போனால்தான் "பெரும்பாலான இடங்களில்". ஓரிரு இடங்களில் மழை என்று கேட்டு விதைநெல்லைக் கூடையில் எடுத்தால் நஷ்டம் யாருக்கு?

"இயல்பான மழை" என்ற சொல்லையும் கவனியுங்கள். சராசரியைவிட 19 சதவீதம் கூடினாலும் இயல்பு. 19 சதவீதம் குறைந்தாலும் இயல்பு. பருவத்துக்கு 44 சென்டிமீட்டர் சராசரி என்றால், 36 பெய்தாலும் இயல்புதான், 52 பெய்தாலும் இயல்புதான். அந்த மழை ஒரே வாரத்தில் கொட்டி, மற்ற நாளெல்லாம் காய்ந்தாலும் கணக்கில் இயல்புதான். பயிருக்கும் கூலிக்கும் அது இயல்பல்ல.

2016-ஐ மறக்க முடியுமா? செப்டம்பர் 20-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. நம்பிச் சம்பா விதைத்தார்கள். வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. பயிர் கருகியது. 2017 ஜனவரி 10-இல் மாநிலம் முழுவதும் வறட்சி என்று சர்க்கார் அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் நிவாரணம் பேசப்பட்டது. ஏக்கரே இல்லாதவன் எந்தக் கணக்கில் வருவான்? நடவு போனதும், களை பறிப்பு போனதும், அறுப்பு போனதும் எந்த ரிஜிஸ்தரில் ஏறும்? கூலிக்காரனுக்கு நாள்தான் ஏக்கர். பயிர் இன்ஷூரன்ஸும் சாகுபடி செய்கிறவனுக்குத்தானே தவிர, நாற்று நடும் பெண்ணுக்கு இல்லை.

மில் தொழிலாளிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். காற்று வறண்டால் நூல் அறும். நூல் அறாமலிருக்க ஸ்பின்னிங் கூடத்தில் ஈரத்தை ஏற்றுகிறார்கள். வெளியே வெயில், உள்ளே புழுக்கம். வியர்வை காயாத உடம்புக்குச் சூடு இறங்காது, மயக்கம் வரும். நூலுக்கு வேண்டியதைக் கவனிக்கிற நிர்வாகம் ஆளையும் கவனிக்க வேண்டாமா? காற்றோட்டம், வெப்பநிலை, செயற்கை ஈரப்பதம், குடிநீர் ஆகியவற்றுக்கு 1948-ஆம் வருஷத்துப் பாக்டரிச் சட்டத்திலேயே பிரிவுகள் எழுதப்பட்டன. கேட்பது தர்மம் அல்ல.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன?

காய்ந்த நாள்தான் தூர் வாரும் நாள். மழை இறங்கிய பிறகு வாய்க்காலில் மண்வெட்டி போட முடியாது. வடிகால் அடைத்துக் கிடந்தால், இன்று தண்ணீருக்கு ஏங்கும் அதே வயல் கார்த்திகையில் மூழ்கும். ஆகவே வாய்க்கால், வடிகால், குளம் மூன்றிலும் இப்போதே வேலை தொடங்கு என்று கேட்போம். கூலிக்கு நாள் கிடைக்கும். ஊருக்கு வடிகால் கிடைக்கும்.

மழை தள்ளிப்போனால் நீண்ட கால ரகம் உதவாது. மத்திய கால, குறுகிய கால நெல் விதை வேளாண்மை ஆபீசில் இருப்பு உள்ளதா என்று இப்போதே போய்க் கேட்போம். குத்தகை சாகுபடி செய்கிறவர்கள் இன்ஷூரன்ஸ் கடைசித் தேதியைத் தவறவிட வேண்டாம்.

மில்லில் ஒவ்வொரு ஷிப்டிலும் குளிர்ந்த குடிநீரும், மூச்சு வாங்க இடைவேளையும் கேட்போம்.

சங்கக் கட்டடத்தில் ஒரு கரும்பலகை வையுங்கள். தினமும் மாலையில் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வானிலை அறிக்கையை எழுதட்டும். பக்கத்திலேயே நம் ஊரில் பெய்த மழையையும், வேலை கிடைத்த நாட்களையும் எழுதட்டும். நாளை அதிகாரி வந்து "இங்கே பாதிப்பு இல்லை" என்றால், அந்தக் கணக்கை அவர் முன்னால் வைப்போம்.

மழையை நாம் கொண்டுவர முடியாது. வந்தால் வீணாகாமலும், வராவிட்டால் பட்டினி கிடக்காமலும் இருக்க வழி செய்ய முடியும். அதற்கான வேலையை நாளைக் காலையே தொடங்குவோம்!